கயிறும் ஈயக்கட்டியும்: படகு ஜெட்டியில் நின்று கடல்தரையை அளப்பது எப்படி

என் அத்தா, அதாவது அப்பா, பினாங்குத் துறைமுகத்தில் தொங்கானில் வேலை பார்த்தவர். கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்க்கும் படகு அது. ராமநாதபுரம் சீமையிலிருந்து இங்கே வந்தவர்களில் பலருக்கு அந்தக் காலத்தில் அதுதான் பிழைப்பு. விடியாத இருட்டில் கரையை நெருங்கும்போது, கயிற்றில் கட்டிய ஈயக்கட்டியைத் தண்ணீருக்குள் விடுவார். கயிறு உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு ஓடி நிற்கும். கண்ணால் பார்க்காமலே, "ரெண்டே கால் பாகம், சேறு" என்பார். பாகம் என்றால் இரண்டு கையையும் அகல விரித்த நீளம். மலாய் மீனவர்கள் அதையே டெப்பா என்பார்கள். ஆங்கிலேய மாலுமிகளின் ஃபேதமும் அதே கைவிரிப்புதான், ஆறடி.

நான் கயிற்றைத் தொடவில்லை. முப்பது வருஷம் மீன்பிடிப் படகுகளின் எக்கோ சவுண்டர்களைப் பழுதுபார்த்தேன். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் பெட்டி அது. போன வருஷம் என் மகளின் மகள், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிப்பவள், பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்வது என்று வந்து நின்றாள். "நன்னா, கடலுக்கு அடியில எப்படி இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்திருக்கலாம். அது எண்ணைக் காட்டும்; எண் எப்படி வந்தது என்று காட்டாது. அதனால் அத்தாவின் கயிற்றுக்கே போனோம். நாங்கள் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பிள்ளைகளோடு செய்ய ஏற்றது. ஒரு நோட்டுப் புத்தகமும் மூன்று சனிக்கிழமைகளும் போதும்.

வேண்டிய சாமான்கள்

கயிறு 20 மீட்டர். பின்னல் போட்ட பாலியெஸ்டர் கயிறாகப் பார்த்து வாங்குங்கள், சுண்டுவிரல் தடிமனுக்குக் கொஞ்சம் குறைவாக. நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும். நீளுகிற கயிற்றால் அளந்தால் கடல் ஆழம் குறைந்ததாகக் கணக்கு வரும்.

ஈயக்கட்டி ஒரு கிலோ. தூண்டில் சாமான் விற்கும் கடையில் மலாயில் பத்து லாடுங், அதாவது தூண்டில் ஈயம், என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நீளவாக்கில் இருப்பது நல்லது. ஈயம் நஞ்சு; மேலே இரண்டு கை சாயம் பூசிவிடுங்கள், தொட்ட கையைக் கழுவாமல் பிள்ளைகளைப் பசியாற விடாதீர்கள். கட்டியின் அடியில் சோடா பாட்டில் மூடி ஒன்றைக் கிண்ணம்போல் கவிழ்த்து எப்போக்சி பசையால் ஒட்டுங்கள். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

இவை தவிர 30 மீட்டர் அளவுநாடா, இரண்டு நிறத்தில் தடித்த நூல், சிறு தோல் துண்டுகள், துணி சோப்பு ஒரு கட்டி, பென்சில், ரப்பர் கையுறை, பிள்ளைக்கு உயிர்காப்புச் சட்டை, ஒரு சிறு பாட்டில் வினிகர். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் கரைந்துவிடும். வினிகரும் கையுறையும் சொறிக்காக, அதாவது ஜெல்லிமீனுக்காக. பினாங்குக் கரையோரத்தில் பெட்டிச்சொறி உண்டு. அதன் இழைகள் கயிற்றில் சுற்றிக்கொண்டு மேலே வரும், கண்ணுக்குத் தெரியாது. பட்ட இடத்தைத் தேய்க்காமல் வினிகரை ஊற்றிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கயிற்றை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள். மறுநாள் ஈயத்தைக் கட்டி, மாடிப்படியிலிருந்து தொங்கவிட்டு, அந்த இழுப்பிலேயே அளவுநாடாவைப் பக்கத்தில் பிடித்து அடையாளம் போடுங்கள். பூஜ்ஜியம் முடிச்சில் இல்லை, ஈயத்தின் அடியில். நான் முதல் தடவை முடிச்சிலிருந்து அளந்துவிட்டேன். எல்லா எண்ணும் 14 சென்டிமீட்டர் பிழை. கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினோம். மீட்டருக்கு ஒரு சிவப்பு நூல், அரை மீட்டருக்கு வெள்ளை நூல், ஐந்து, பத்து, பதினைந்தில் தோல் துண்டு. தோலும் துணியும் கைக்கு வேறு வேறாகத் தெரியும். பழைய கப்பல்களில் அப்படித்தான் கட்டினார்கள், இருட்டிலும் விரல் தடவி ஆழம் சொல்வதற்காக. அத்தா பார்க்காமலே சொன்னதன் சூட்சுமம் எனக்கு அறுபத்தைந்து வயதில்தான் விரலுக்கு வந்தது.

நாள் பார்ப்பது

பினாங்கில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது, நீரோட்டமும் கடுமை. கயிறு சாய்ந்துகொண்டு போய்விடும். 15 பாகை சாய்ந்தால்கூட 10 மீட்டர் கயிற்றுக்கு 34 சென்டிமீட்டர் பிழை. அதனால் அரைநிலா நாளுக்கு அடுத்த ஓரிரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மலாய் மீனவர்கள் ஆயர் மாத்தி, செத்த தண்ணீர், என்பார்கள். என் கூட்டாளி ஒருவர் அட்டமி, நவமி என்று கணக்கு வைப்பார். நான் பிறை எட்டு, பிறை ஒன்பது என்பேன். இரண்டும் ஒரே நிலாதான். அட்டமி நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். இந்தக் காரியத்துக்கு மட்டும் அந்த இரண்டு நாளையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

நேரத்துக்கு ஓத அட்டவணை வேண்டும். ஜடுவால் பாசாங் சுருட் என்று தேடினால் கிடைக்கும். அரச மலேசியக் கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் ஆண்டுதோறும் புத்தகமாகவும் வெளியிடுகிறது. அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஏற்ற நேரம், வற்ற நேரம், மீட்டரில் உயரம் இருக்கும். தண்ணீர் திரும்புகிற நேரத்துக்கு அரைமணி முன்னும் பின்னும் ஓட்டம் மிகக் குறைவு. வேலையை அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

இடம்: கைப்பிடிக் கம்பி உள்ள ஜெட்டி. நாங்கள் தெலுக் பஹாங் பக்கம் ஒரு மீனவர் ஜெட்டிக்குப் போனோம். அங்கே வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் முதலில் கேட்டோம். "டெப்பா கணக்கா?" என்று சிரித்துவிட்டு, படகு வந்து கட்டும் பக்கத்தை விட்டு மறுபக்கம் நிற்கச் சொன்னார். நீங்களும் கேளுங்கள். படகு வந்து போகும் வழியில் கயிறு விடக் கூடாது.

அளப்பது

கரைப்பக்கம் ஒரு தூணைப் புள்ளி ஒன்று என்று வையுங்கள். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஒரு புள்ளி, கம்பியில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொண்டே போங்கள். எங்களுக்குப் பதினெட்டுப் புள்ளி வந்தது.

ஒவ்வொரு புள்ளியிலும் ஈயத்தை மெதுவாக இறக்குங்கள். எறியாதீர்கள். தரையில் பட்டதும் கயிறு தொய்யும். ஒரு விரற்கடை தூக்கி, மறுபடி இறக்கி, இறுக்கமாகவும் செங்குத்தாகவும் இருக்கும்போது கைப்பிடிக் கம்பியின் மேல்விளிம்பில் கயிற்றைக் கிள்ளிப் பிடியுங்கள். அந்த இடத்தை வாசித்து எழுதுங்கள். இது கம்பியிலிருந்து தரை. பிறகு ஈயம் தண்ணீர் மட்டத்தைத் தொடும்வரை தூக்கி, மறுபடி கம்பியில் கிள்ளி வாசியுங்கள். இது கம்பியிலிருந்து தண்ணீர். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அந்த நேரத்து ஆழம்.

ஒரே புள்ளியில் மூன்று தடவை செய்து நடு எண்ணை எடுங்கள். நேரத்தையும் எழுதுங்கள். நேரம் எழுதாத ஆழத்துக்குப் பொருள் இல்லை. தண்ணீர் மட்டம் மாறிக்கொண்டே இருக்கிறதே.

எட்டாம் புள்ளியில் எங்களுக்குக் காலை 9 மணிக்கு வந்தது: கம்பியிலிருந்து தரை 6.90 மீட்டர், கம்பியிலிருந்து தண்ணீர் 2.70. ஆழம் 4.20.

இந்த 4.20 அந்த நிமிஷத்து ஆழம்தான். கடல் வரைபடத்தில் போடும் ஆழம் இதுவல்ல. மிகத் தாழ்ந்த வற்றத்தை ஒட்டிய ஒரு மட்டத்தைப் பூஜ்ஜியமாக வைத்து எழுதுவது. ஓத அட்டவணையின் உயரங்களும் அதே பூஜ்ஜியத்திலிருந்துதான். ஆகவே 9 மணிக்கு ஓத உயரம் என்ன என்று தெரிந்தால் கழித்துவிடலாம். அட்டவணையில் வற்றம் 7 மணிக்கு 0.6 மீட்டர், ஏற்றம் 1 மணிக்கு 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 1.8. அதைப் பன்னிரண்டு பங்காகப் போடுங்கள், பங்குக்கு 0.15. கடல் ஆறு மணி நேரத்தில் ஒரே வேகத்தில் ஏறாது. முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதிலும் மூன்று, ஐந்தாவதில் இரண்டு, கடைசியில் ஒன்று. 9 மணிக்கு இரண்டு மணி நேரம் கழிந்தது: மூன்று பங்கு, 0.45. ஓத உயரம் 1.05. எனவே வரைபட ஆழம் 4.20-இல் 1.05 போக 3.15 மீட்டர்.

இப்படிப் பதினெட்டுப் புள்ளிக்கும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பேத்தி நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "நன்னா, தண்ணி ஏறினாலும் எறங்கினாலும் கம்பியிலேர்ந்து தரை மாறாதுல்ல? அப்புறம் ஏன் ஒவ்வொண்ணுக்கும் கழிக்கிறீங்க?"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அவள் சொன்னது சரி. கம்பியும் தரையும் அசைவதில்லை; நடுவில் தண்ணீர் மட்டும்தான் ஏறி இறங்குகிறது. கம்பி மட்டமாக இருந்தால், ஒரே ஒரு தடவை கம்பி பூஜ்ஜியத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கண்டுபிடித்தால் போதும். 2.70-உம் 1.05-உம் சேர்ந்து 3.75 மீட்டர். அதன் பிறகு எந்தப் புள்ளியானாலும், எந்த நேரமானாலும், கம்பியிலிருந்து தரைவரை வந்த எண்ணில் 3.75-ஐக் கழித்தால் வரைபட ஆழம். எட்டாம் புள்ளிக்கு 6.90-இல் 3.75 போக 3.15. அதே விடை. அத்தா படகில் நின்றார். படகு தண்ணீரோடு ஏறி இறங்கும், அவருக்கு இந்த வசதி இல்லை. ஆனாலும் ஐந்தாறு வேளைகளில் தண்ணீர் மட்டத்தை அளந்து பன்னிரண்டு பங்குக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். மழையும் காற்றும் கடலை அட்டவணையிலிருந்து எவ்வளவு விலக்குகின்றன என்று தெரியவரும்.

தரை என்ன தரை?

இனி அந்தச் சோடா மூடி. துணி சோப்பைக் கையால் பிசைந்து மூடிக்குள் அடைத்து, ஈயத்தைத் தரையில் அழுத்தி எடுங்கள். தரையில் உள்ளது ஒட்டிக்கொண்டு வரும். பழைய மாலுமிகள் மாட்டுக்கொழுப்பை அடைத்தார்கள், சிலர் சோப்பையும். எங்களுக்குக் கரையருகே மணலும் சிப்பித் துண்டும் வந்தன. பத்தாம் புள்ளியைத் தாண்டியதும் சாம்பல் நிறச் சேறு. ஒவ்வொன்றையும் ஒரு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுப் புள்ளி எண் எழுதினோம். இதைத் தவறவிடாதீர்கள், பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கையும் சொல்லும். மணலில் ஈயம் பொத்தென்று நிற்கும். பாரில், அதாவது கல்தரையில், டங்கென்று அதிர்ந்து துள்ளும். சேற்றில் நிற்பதே தெரியாது; மெதுவாக அமுங்கிக்கொண்டே போகும். அங்கே எது தரை? முதலில் தொய்ந்த இடமா, கடைசியில் நின்ற இடமா?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. பல வருஷத்துக்கு முன் ஒரு படகுக்காரர் சவுண்டர் கெட்டுப்போய்விட்டது என்று கொண்டுவந்தார். திரையில் இரண்டு தரை தெரிகிறதாம். பெட்டியை மூன்று நாள் பிரித்துப் போட்டேன், பழுது ஒன்றும் இல்லை. அவரோடு கடலுக்குப் போனபோதுதான் புரிந்தது. அந்தப் பெட்டி இரண்டு சுருதியில் ஒலி அனுப்பும். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி கூழ்ச்சேற்றின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி கூழுக்குள் புகுந்து, கெட்டியான அடித்தரையில் பட்டுத் திரும்பும். இரண்டும் மெய். ஆற்றுமுகச் சேற்றில் கப்பல் போகும் கால்வாய்களை அளப்பவர்கள் வேண்டுமென்றே இரண்டு சுருதியையும் வைப்பது இதற்குத்தான். நீங்கள் கயிற்றில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: முதல் தொய்வு, கடைசி நிற்பு. நடுவில் உள்ளது சேற்றின் கனம். ஒரு கிலோ ஈயம் சொல்லும் கனம்தான் அது, மூன்று கிலோ ஈயம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அதனால் எப்போதும் அதே ஈயத்தையே பயன்படுத்துங்கள்.

தாளில் போடுவது

கட்டம் போட்ட தாளில் குறுக்கே ஒரு சென்டிமீட்டருக்கு 5 மீட்டர், கீழ்நோக்கி ஒரு சென்டிமீட்டருக்கு அரை மீட்டர். புள்ளிகளை வைத்துச் சேர்த்தால் கடல்தரையின் வெட்டுமுகம் கிடைக்கும். பள்ளம் செங்குத்தாகத் தெரியும், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். பத்து மடங்கு செங்குத்தாக்கி வரைந்திருக்கிறோம் என்று தாளிலேயே எழுதிவையுங்கள். தொலைக்காட்சியில் காட்டும் கடல்தரைப் படங்களிலும் இந்த மிகைப்படுத்தல் இருக்கும், பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

1952-இல் அமெரிக்காவில் மேரி தார்ப் என்ற பெண்மணி செய்ததும் இதுதான். கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது எடுத்த எண்களைத் தாளில் வெட்டுமுகமாக வரைந்தார். ஆய்வுக்கப்பலில் ஏறப் பெண்களுக்கு அப்போது அனுமதி இல்லை. பிறர் கொண்டுவந்த எண்களோடு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவு ஒரே இடத்தில் வந்தது. பெண்பிள்ளைப் பேச்சு என்று கூட வேலை பார்த்தவரே முதலில் தள்ளிவிட்டார். கடல்தரை அங்கே பிளந்து விலகுகிறது என்பதைப் பிறகு உலகமே ஒப்புக்கொண்டது. இந்தக் கதையைக் கேட்டபின் பேத்தி தன் தாளை என்னிடம் திருத்தக் கொடுக்கவில்லை. தானே இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

அவள் எட்டாம் புள்ளியையும் ஒன்பதாம் புள்ளியையும் நேர்க்கோட்டால் சேர்த்திருந்தாள். நடுவில் உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றாள். அடுத்த சனிக்கிழமை அந்த ஐந்து மீட்டருக்குள் அரை மீட்டருக்கு ஒரு தடவை ஈயம் விட்டோம். நடுவில் டங்கென்றது. 60 சென்டிமீட்டர் உயரத்தில் ஏதோ கெட்டியான பொருள், பழைய சிமெண்டுத் தூணாக இருக்கலாம். எங்கள் அழகான நேர்க்கோட்டுக்கு அது தெரியாது.

இந்த இடத்தில் பிள்ளைகளோடு கொஞ்சம் உட்காருங்கள். உலகக் கடல்தரையின் நிலைமையும் இதுதான். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் கயிறு விட்டு எடுத்த ஆழ்கடல் அளவுகள் மொத்தம் 492. 1925-27இல் மீட்டியோர் என்ற ஜெர்மானியக் கப்பல் ஒலியை வைத்துத் தென் அட்லாண்டிக்கில் 67,000-க்கு மேல் எடுத்தது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும்; போய்த் திரும்ப நான்கு விநாடி ஆனால் ஆழம் 3,000 மீட்டர். இன்று கப்பலின் அடியிலிருந்து விசிறிபோல் நூற்றுக்கணக்கான ஒலிக்கற்றைகளை ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். அப்படியும் 2017-இல் சீபெட் 2030 என்ற திட்டம் தொடங்கியபோது உலகக் கடல்தரையில் அளந்தது வெறும் 6 விழுக்காடு. 2025 ஜூனில் 27.3 விழுக்காடு. 3,000 முதல் 5,750 மீட்டர் வரை ஆழமான இடத்தில் 400 மீட்டர் கட்டத்துக்கு ஓர் அளவு இருந்தாலே அளந்ததாகக் கணக்கு. எங்கள் ஐந்து மீட்டருக்குள்ளேயே ஒரு தூண் ஒளிந்திருந்தது என்றால், 400 மீட்டருக்குள் என்னென்ன இருக்கும்?

மீதி முக்கால் பங்குக்கு வரைபடத்தில் நிறம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அது செயற்கைக்கோள் தந்த ஊகம். கடலடி மலை தன் எடையால் சுற்றியுள்ள தண்ணீரைத் தன்பக்கம் இழுக்கும். அதனால் மலைக்கு மேலே கடல்மட்டம் மிக லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பை விண்ணிலிருந்து அளந்து அடியில் மலை இருப்பதாகக் கணிக்கிறார்கள். 2022 டிசம்பரில் நாசாவும் பிரெஞ்சு விண்வெளி அமைப்பும் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோளின் ஓராண்டு அளவுகளை வைத்து 2024 டிசம்பரில் ஓர் ஆய்வு வந்தது. ஒரு கிலோமீட்டருக்கும் குட்டையான கடலடி மலைகள்கூட அதில் தெரிகின்றன. அருமையான வேலை. ஆனாலும் அதன் கண்ணுக்கு எட்டும் நுணுக்கம் சுமார் 8 கிலோமீட்டர். பினாங்குப் பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் பாதிக்கும் மேல். 2021 அக்டோபரில் தென்சீனக் கடலில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று வரைபடத்தில் இல்லாத கடலடி மலையில் மோதியது.

நம் நாட்டு ஆட்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2014 மார்ச் 8-ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து புறப்பட்ட எம்எச் 370 விமானத்தைத் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் தேடப் போனவர்கள், தேடுவதற்கு முன்னால் தரையை அளக்க வேண்டியிருந்தது. அங்கே இருந்த வரைபடம் பெரும்பாலும் செயற்கைக்கோள் ஊகம்தான். மலை எங்கே, பள்ளம் எங்கே என்று தெரியாமல் கருவியைத் தரையருகே இழுத்துப் போக முடியாது. மாதக்கணக்கில் கப்பல்கள் ஒலியால் அளந்தன. பிறகு 1,20,000 சதுர கிலோமீட்டரைத் தேடின. விமானம் கிடைக்கவில்லை. அந்த அளவுகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதுவரை யாரும் பார்க்காத எரிமலைகளும் செங்குத்துச் சரிவுகளும் அதில் இருக்கின்றன. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதில் போன 239 பேரும் நினைவுக்கு வருகிறார்கள்.

ஒரு கணக்கு மட்டும் கட்டாயம் போடுங்கள்

தாள் முடிந்ததும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். அந்த ஆழத்தில் சுனாமி அலை விநாடிக்கு எத்தனை மீட்டர் ஓடும் என்று வரும். 4,000 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 198 மீட்டர். மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். 50 மீட்டரில் மணிக்கு 80 கிலோமீட்டர். எங்கள் எட்டாம் புள்ளியின் 3.15 மீட்டரில் மணிக்கு 20 கிலோமீட்டர். வேகம் குறையும்போது பின்னால் வரும் தண்ணீர் முன்னதன்மேல் ஏறி அலை உயரும். 20 கிலோமீட்டர் கேட்கக் குறைவு. மணலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த வேகத்தில் யாராலும் ஓட முடியாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 8:58-க்கு. மாடி வீட்டில் விளக்கு ஆடியதைப் பார்த்துவிட்டு நான் பசியாறப் போனேன். சுமத்ராவின் வடமுனையில் உள்ள அச்சேயில் அரைமணி நேரத்துக்குள் அலை அடித்துவிட்டது. அங்கிருந்து நம் கரைக்குச் சுமார் 550 கிலோமீட்டர். ஆழ்கடலாக இருந்திருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது. அச்சேக்கும் நமக்கும் நடுவே தரை மேலேறிக்கொண்டே வருகிறது, அலையும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. பினாங்கை அடைந்தபோது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. விளக்கு ஆடியதற்கும் அலை வந்ததற்கும் நடுவே நான்கு மணி நேரம். அந்த நான்கு மணி நேரமும் கடற்கரையில் குடும்பங்கள் குளித்துக்கொண்டிருந்தன. மலேசியாவில் இறந்தவர்கள் 68 பேர், பெரும்பாலோர் பினாங்கில். எனக்குத் தெரிந்த ஒரு படகுக்காரரின் மகனும் அதில் ஒருவன். நான் வாழ்நாள் முழுக்க ஆழம் காட்டும் பெட்டியோடு இருந்தவன், இந்தச் சூத்திரம் எனக்குத் தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறேன். இப்போது சைரன் கம்பங்கள் வந்துவிட்டன. எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு அலை வரும் என்று எச்சரிக்கை மையம் முன்கூட்டிச் சொல்வது இந்த ஆழக் கணக்கை வைத்துத்தான். அளவு தவறினால் நேரமும் தவறும். நில அதிர்வு உணர்ந்தாலோ, கடல் திடீரென்று வழக்கத்தை மீறி உள்வாங்கினாலோ, சைரனுக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போங்கள் என்பதையும் அதே தாளின் அடியில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது மகிழ்ச்சியான கணக்கு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. உங்கள் வெட்டுமுகத்தில் 120 மீட்டரைக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜெட்டி மட்டுமில்லை, நீரிணையே வறண்ட நிலம். எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்கு ஃபெரி வேண்டாம், பினாங்கு ஒரு குன்றாக நின்றிருக்கும். பேத்தி இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, பதினாறாம் புள்ளிக்கு நேராக ஒரு மரத்தை வரைந்தாள். அழிக்கச் சொல்லவில்லை.

வரைந்த படத்தைப் படகோட்ட யாருக்கும் கொடுக்காதீர்கள். அதற்குக் கடற்படையின் வரைபடம் இருக்கிறது. கண்காட்சிக்கும் உங்கள் வீட்டுச் சுவருக்கும் இது போதும். நோட்டைப் பத்திரமாக வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை அதே புள்ளிகளில், அதே ஈயத்தால் அளந்தால் சேறும் மணலும் எங்கே போய் எங்கே சேர்கின்றன என்று தெரியும். எங்களுக்குப் பன்னிரண்டாம் புள்ளியில் நவம்பருக்குப் பிறகு 22 சென்டிமீட்டர் மேடு ஏறியிருந்தது. ஒரு தடவை வந்த எண்ணை நம்பிவிட முடியாது, மறுபடியும் போகப்போகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். வெயில் கயிற்றை அரிக்கும். அடுத்த முறை போவதற்கு முந்தின ராத்திரி மறுபடி ஊறவைத்து, அளவுநாடாவோடு ஒத்துப்பாருங்கள். எங்கள் கயிறு நான்கு மாதத்தில் 10 மீட்டருக்கு 3 சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது. அதை நோட்டின் முதல் பக்கத்தில் தேதியோடு பேத்தி எழுதிவைத்திருக்கிறாள்.